கிரீஸ் தடவிய ரேம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் அந்தக் கணினி மூன்று முறை நின்றுவிட்டது. திரையில் பாதிக் கடல் வந்திருந்தது. கரையை ஒட்டிய நீலம், அதன் மேல் எறும்பு மாதிரி ஆழ எண்கள். மீதிப் பாதி வெள்ளையடித்த சுவர் போல நின்றது. அம்புக்குறி வட்டமாக மாறிச் சுற்றிச் சுற்றி, கடைசியில் சுற்றுவதையும் விட்டுவிட்டது.

"நின்னுடுச்சா பாப்பா?" என்றார் வாசலில் வலையைப் பரப்பிக் கிழிசல் முடிந்துகொண்டிருந்த உத்திராபதி.

"நின்னுடுச்சு."

"திங்கக்கிழமைக்குள்ள ஓடுமா?"

மகள் கீர்த்திகா விசையை அழுத்தி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இன்னொருமுறை கேட்டால் கத்திவிடுவாள் என்று அவருக்கும் தெரிந்தது. ஊசியை வலைக்குள் விட்டு வாங்கினார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் காரைக்காலில் கூட்டம். அரசலாறு கடலில் சேரும் வாய் மணலடைத்துக்கொள்ளும், படகு உள்ளே வர முடியாது, தோண்ட வேண்டும். அதில் அவர்கள் ஊரான கிளிஞ்சல்மேட்டில் யாருக்கும் சண்டையில்லை. தோண்டிய சேற்றை எங்கே கொட்டுவது என்பதில்தான் சண்டை. சர்வே செய்த கம்பெனி கடலுக்குள் ஒரு சதுரம் போட்டு, அடியில் வெறும் மணல், வேறொன்றும் இல்லை என்று எழுதிவிட்டது. எண்களைப் படிக்கக் கேட்ட அன்றே உத்திராபதி சொன்னார்: "அது பார் கெடக்குற இடமாச்சே." கடலடியில் கல்லும் சிப்பியும் இறுகிக் கிடக்கும் திட்டைத்தான் அந்தக் கரையில் பார் என்கிறார்கள். மீன் தங்குவதும் குஞ்சு பொரிப்பதும் அங்கேதான். ஒரு ஆற்றுவாய்ச் சேற்றை அதன் தலையில் கொட்டினால் அப்புறம் அந்தப் பக்கம் வலை விடுவதும் ஒன்றுதான், தெருவில் விடுவதும் ஒன்றுதான்.

முதல் கூட்டத்தில் அவர், பார் கிடக்கும் இடங்களை எழுதிவைத்த தன் நோட்டைத் தூக்கிக் காட்டினார். திறந்து காட்டவில்லை, தூக்கித்தான் காட்டினார். கம்பெனி ஆள் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "பெரியவரே, கையால எழுதுன நோட்டெல்லாம் ஆதாரமா எடுக்க முடியாது. கடல் மேப்பு மேல பாயின்ட் போட்டுக் கொண்டாங்க, பாக்கலாம்" என்றான். கொண்டுவர முடியாது என்று தெரிந்துதான் சொன்னான். கீர்த்திகா அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். புவியியல் படித்து முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். விடுதிச் சாப்பாட்டு மேசையில், 'உங்க அப்பா என்ன பண்றாங்க' என்ற கேள்விக்குப் பிறகு வரும் சிரிப்பு அது.

"போட்டுக் கொண்டாறோம் சார்" என்று அவள்தான் சொன்னாள்.

சொல்லிவிட்டாள். வீட்டில் இருந்ததோ அவள் பிளஸ் ஒன் படிக்கும்போது மூடிப்போன ஒரு அலுவலகத்திலிருந்து வாங்கிய பழைய பெட்டி. அதற்கு இரண்டு ஜிபி ரேம். கல்லூரி ஆய்வகத்தில் இறக்கிவைத்திருந்த ஆழ வரைபடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றாகத் திறந்தால் அதற்கு மூச்சு நின்றது.

காரைக்காலில் எத்தனையோ கடையில் கணினி இருக்கிறது. ஆனால் அந்த நோட்டு வீட்டை விட்டுப் போகாது. ஒரு பார் எங்கே கிடக்கிறது என்பதைக் கடலில் போகிறவன் வெளியே சொல்ல மாட்டான். தூரத்தில் வேறு படகு தெரிந்தால் வலையை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் போய், சும்மா நிற்கிற மாதிரி நிற்பான். ஜிபிஎஸ் கருவியின் மேல் துண்டைப் போட்டு மூடுவான். உத்திராபதியின் நோட்டு பாலித்தீன் பை இரண்டுக்குள், அரிசி டிரம்முக்குள் இருந்தது. முப்பது வருடம் கூட வாழ்ந்த கல்யாணசுந்தரிக்கு அரிசி எவ்வளவு இருக்கிறது என்பது தெரியும். நோட்டில் என்ன இருக்கிறது என்பது தெரியாது.

"சதுரத்துக்குள்ள விழுறத மட்டும்தான் அவனுங்களுக்குக் காட்டுவேன்ப்பா. மத்தது இந்தப் பொட்டியை விட்டு வெளிய போவாது" என்று அவள் மூன்று நாள் பேசிய பிறகுதான் அவர் தலையாட்டினார்.

இப்போது பெட்டிதான் தலையாட்ட மாட்டேன் என்கிறது.

"அதுக்குள்ள எடமில்லையா?" என்றார் உத்திராபதி. "நீதான் ஐநூறு ஜிபின்னு சொன்ன."

"அது வச்சுக்கிற எடம். இது வேலை செய்யுற எடம். ரேமு."

அவர் கொஞ்ச நேரம் முடிச்சுப் போட்டார். "ஐஸ் பொட்டி பெருசா இருக்கு, தளம் சின்னதா இருக்குங்கிற. வலையைப் பிரிச்சுப் போட எடமில்ல."

கீர்த்திகா திரும்பிப் பார்த்தாள். மூன்று வருடப் படிப்பில் இவ்வளவு சுருக்கமாக அவளுக்கு யாரும் சொன்னதில்லை. "அதேதான்" என்றாள், எரிச்சலோடு.

"அப்ப தளத்தைப் பெருசாக்கு."

கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றவே அரை மணி நேரம் ஆனது. திருகாணிகள் உப்புக் காற்றில் துருவேறி, தலை மழுங்கிக் கிடந்தன. உள்ளே வெள்ளையாக உப்புப் பொடி, இரண்டு பல்லி முட்டை ஓடு, கல்யாணசுந்தரி கணினிக்குப் போர்த்தும் பழைய சேலையின் நூல். பழைய ரேமை உருவி, செய்தித்தாளில் மடித்து எடுத்துக்கொண்டு கீர்த்திகா பஸ் ஏறினாள்.

காரைக்காலில் கணினிக் கடையில் பழுது பார்ப்பவள் சுஹைனா. நாற்பது வயதிருக்கும். கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு சர்க்யூட் பலகையைச் சூடுவைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கையை நீட்டினாள்.

"பேப்பர்லயா சுத்திக் கொண்டாந்த? வெங்காய பஜ்ஜியா இது?"

"அவசரம்க்கா."

"டிடிஆர் மூணு, பழைய ரகம். இப்ப வர்றது எதுவும் இதுல ஏறாது. இந்த வெட்டைப் பாத்தியா? புதுசுல அது எடம் மாறியிருக்கும். ஏறலைன்னு அழுத்தினேன்னு வையி, போர்டு அம்புட்டுதான்." மேசை இழுப்பறையைத் துழாவி, கறுப்புப் பையிலிருந்து இரண்டு பச்சைப் பட்டைகளை எடுத்தாள். "நாலு நாலு ஜிபி. ரெண்டும் ஜோடி. நீ போட்டோ அனுப்பின போர்டு எட்டு வரைக்கும்தான் தாங்கும். அதுக்கு மேல ஆசைப்படாத."

"எட்டு போதுமாக்கா?"

"என்ன பண்ணப் போற? கேமா?"

"கடலை ஏத்தணும்."

சுஹைனா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பாள் என்று கீர்த்திகா தயாராக நின்றாள். அவள் சிரிக்கவில்லை. "ஏறும். ஏத்து. கரண்ட் வயரை உருவிடு. கேஸு இரும்பைத் தொட்டுட்டு அப்புறம் இதைத் தொடு. இந்தத் தங்க ஓரம் இருக்கு பாரு, இதுல வெரல் படக்கூடாது. ரெண்டு பக்கமும் கிளிக்குன்னு சத்தம் கேக்கணும். போயிட்டுப் போன் பண்ணு."

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை. கச்சான் என்கிற மேல்காற்று இன்னும் அடங்கவில்லை. தெரு மணல் காலில் சுட்டது. சுனாமிக் குடியிருப்பின் ஓடில்லாத காங்கிரீட் கூரை அடுப்பு மாதிரி இருந்தது. மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் ஆற்றில் வரிசையாகக் கட்டிக்கிடந்தன. உத்திராபதியின் ஃபைபர் படகு கரையில் கவிழ்ந்து, ஒட்டுப் போட்ட வயிற்றைக் காயவைத்துக்கொண்டிருந்தது. பச்சை மீன் இல்லாத வீட்டில் கல்யாணசுந்தரி சென்னாக்குனிக் கருவாட்டை வறுத்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள்.

"தின்னுட்டுத் தொடு. பசியோட இரும்பைத் தொட்டா கோவம்தான் வரும்" என்றாள்.

"எனக்கு எப்பவும் கோவம்தான் வருது."

"அது ஒப்பனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பொட்டிக்கு ஏன் தெரியணும்? உக்காரு."

கீர்த்திகா பையைக் கணினி மேசை மேல் வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். உத்திராபதி முன்பே சாப்பிட்டுவிட்டார். அவர் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றதை அவள் பார்த்தாள். பார்த்தால் என்ன, பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கை கழுவி வந்து, இரும்பைத் தொட்டு, பட்டைகளைப் பையிலிருந்து எடுத்து, முதல் இடத்தில் ஒன்று, அடுத்ததில் ஒன்று. கிளிக், கிளிக். வயரைச் சொருகி விசையை அழுத்தினாள்.

திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது. நிறுத்தி, மறுபடி. நிறுத்தி, மறுபடி. ஆம்புலன்ஸ் ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி.

வயரை உருவி, பட்டைகளைக் கழற்றினாள். கட்டைவிரலில் கறுப்பாக வழுவழுத்தது. முகர்ந்து பார்த்தாள். படகு இன்ஜின் வாசம்.

"அப்பா. இதுல யாரு கிரீஸ் தடவினது?"

"நாந்தான் பாப்பா" என்றார் உத்திராபதி, வலையிலிருந்து முகம் நிமிர்த்தி. அவர் குரலில் ஒரு நல்ல காரியம் செய்த தெளிவு இருந்தது. "லேசாத்தான் தடவினேன். தடவாட்டி எத்தனை நாளைக்கு வரும் அது? உப்புக் காத்துல செம்பு எல்லாம் பச்சை பூத்துடும். பேட்டரி முனைக்கே நாங்க தடவாம சொருவ மாட்டோம்."

அது உண்மைதான். கடலில் கிரீஸ் தடவாத முனை ஒரு மாதத்தில் செத்துவிடும். கதவுக் கீல், சைக்கிள், டிவிக்கு வரும் கேபிளின் தலை, மிக்சியின் பின்பக்கம் — அந்த வீட்டில் அவர் கிரீஸ் தடவாத பொருள் சாமி படம் ஒன்றுதான். விலை கொடுத்து வாங்கியதைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி அது.

"உங்கள யாரு தொடச் சொன்னா? அந்த ஓரத்துல வெரல் படக்கூடாது, வெரல்! நீங்க டப்பாவைக் கவுத்து வச்சிருக்கீங்க!"

"நல்லதுக்குத்தான் பாப்பா..."

"நல்லதுக்கு! அவன் சிரிச்சான்ல அன்னைக்கு, படிக்காத ஆளுன்னு. சரியாத்தான் சிரிச்சான்."

கல்யாணசுந்தரி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். திட்டவில்லை. மகளைப் பார்த்தாள், அவ்வளவுதான். உத்திராபதி ஊசியில் மிச்சமிருந்த நூலைச் சுற்றி, வலைக்குள் குத்திவைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு கீர்த்திகா சுஹைனாவை அழைத்தாள்.

"கிரீஸா?" என்றது போன். "இருவது வருசமா இந்த வேலை பாக்கறேன். ரேமுக்குக் கிரீஸ் போட்ட வீடு உங்க வீடுதான்டி. செத்துப் போவாது, பயப்படாத. ஸ்பிரிட் வச்சுத் தொடச்சிடு. சொருவுற குழியையும் தொடைக்கணும். பொடிப் பொடியா பல்லு இருக்கும் உள்ள, வளைச்சிடாத."

உத்திராபதி போனுக்குப் பக்கத்தில் வந்தார். "தங்கச்சி, ஸ்பிரிட்டுன்னா... பிராந்தி ஆகாதா?"

"அண்ணே, அத நீங்க குடிங்க. ரேமுக்கு மெடிக்கல்ல விக்கிற ஸ்பிரிட்டு வேணும்."

காரைக்காலில் அவர் கேட்ட சரக்குக்குப் பஞ்சமில்லை. சுஹைனா கேட்டதற்குத்தான் மூன்று மருந்துக் கடை ஏறவேண்டியிருந்தது. வெயிலில் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் முக்கால் மணி நேரம் கழித்து ஸ்பிரிட்டும் பஞ்சும் புது பல்துலக்கியும் கொண்டுவந்தார். யாரிடமும் பேசாமல் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, வலை முடியப் போடும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

கீர்த்திகா தான் செய்வதாகச் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவர் விரல் தடித்து, கயிறு அறுத்த கோடு கோடாக, நகம் கறுத்து, ஆனால் கல் மாதிரி அசையாமல் இருந்தது. பட்டையை இரண்டு முனையிலும் மட்டும் பிடித்தார். பஞ்சை நனைத்துப் பிழிந்து, ஒரே திசையில் இழுத்தார். கறுப்பு போய் மஞ்சள் தெரிந்தது. மறுபடி புதுப் பஞ்சு. பிறகு குழிக்கு. வேட்டிக் கிழிசலை நைலான் நரம்பில் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, மீன் கண்ணில் விழுந்த மணலை எடுக்கிற மாதிரி ஒவ்வொரு பல்லுக்கும் இடையில் விட்டு எடுத்தார். பழைய ரேம் இருந்த குழியில் கிரீஸோடு உப்பும் வந்தது.

"பாப்பா."

"என்ன."

"இந்தப் பக்கம் மட்டும் நூத்தி இருவது இருக்கு."

"என்னது?"

"பல்லு. எண்ணிட்டேன். நூத்தி இருவது. அந்தப் பக்கமும் அவ்வளவுதான்." பட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். அவர் முகத்தில் அவள் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. கோயிலில்கூட அவர் அப்படி நின்றதில்லை. "என் கை அகலந்தான் இது. நான் போடுற பொடிக்கண்ணு வலைகூட இதுக்கிட்ட நிக்க முடியாது. ஒண்ணுகூட கோணலா இல்ல. இத ஒரு மனுசன் கை செஞ்சிருக்குமா?"

"மெசினு செய்யும்ப்பா."

"அந்த மெசினு?"

அப்பாவின் தோளுக்குப் பின்னாலிருந்து அவளும் பார்த்தாள். வருடக்கணக்கில் கணினி முன் உட்காருகிறாள்; அந்தப் பற்களை இப்போதுதான் பார்க்கிறாள். நுனியில் ஒரு வெயில் கீற்று நூற்றிருபது துண்டாக உடைந்து ஓடியது.

நான்கு மணிக்கு மேல் காற்று திரும்பியது. கடல் காற்று உப்போடு வரும் என்று உத்திராபதி போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். ஈரம் உலர்ந்த பிறகு கீர்த்திகா வெட்டைப் பார்த்துப் பட்டையைக் குழியில் நிறுத்தினாள். நிறுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க அழுத்துங்கப்பா."

அவர் அவளைப் பார்த்தார்.

"ரெண்டு முனையிலயும் கட்டை வெரலு. நேரா. சத்தம் வர்ற வரைக்கும்."

கிளிக். அடுத்தது. கிளிக்.

விசையை அழுத்தியதும் ஒரே ஒரு சின்ன பீப் சத்தம். பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அதில் எட்டாயிரத்துச் சொச்சம் எம்பி என்று ஒரு எண்ணைக் கீர்த்திகா விரலால் தொட்டுக் காட்டினாள்.

கடல் ஏறியது. வெள்ளைச் சுவர் எங்கும் நிற்கவில்லை. கரை வந்தது, ஆற்று வாய் வந்தது, நீலம் ஒரே மூச்சில் கிழக்கே பரவி, ஆழம் கூடக் கூடக் கறுத்து, திரையின் விளிம்பு வரை போய் நின்றது. கீர்த்திகா சக்கரத்தை உருட்டினாள். கடல் பக்கத்தில் வந்தது, தூரப் போனது. திக்கவில்லை. கல்யாணசுந்தரி ஈரக் கையோடு வந்து நின்று, "நம்ம கடலா இது?" என்றாள்.

உத்திராபதி அரிசி டிரம்முக்குள் கைவிட்டார். கதவைச் சாத்தினார்.

"நெட்டு வழியா வெளிய போவாதே?"

கீர்த்திகா இன்டர்நெட் வயரைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"நான் வெளிய போவணுமா?" என்றாள் கல்யாணசுந்தரி. இதுவரை நோட்டு வெளியே வந்தால் அவள்தான் எழுந்து போவாள்.

"இரு" என்றார் அவர், கொஞ்சம் யோசித்து.

அறுபத்து மூன்று இடங்கள். அவர் எண்ணைப் படிக்க, அவள் தட்டினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. முதலில் மெதுவாக, குரலை இறக்கித்தான் படித்தார். போகப் போகப் பேச்சு வந்தது. "இது நண்டுப் பார். ஒங்க அக்கா கல்யாணத்துக்கு இஞ்சதான் வஞ்சிரம் புடிச்சேன்... இது பேர் இல்லாதது. வலை கிழிஞ்சுது, குனிஞ்சு பாத்து எழுதி வச்சேன்... இது கோயில் பார். கடல்லேர்ந்து பாத்தா லைட்டவுசும் மாதா கோயில் கோபுரமும் ஒண்ணா ஒட்டித் தெரியுற எடம். அப்பல்லாம் மெசினு ஏது, கண்ணுதான்."

அறுபத்து மூன்றும் முடிந்ததும் கீர்த்திகா சக்கரத்தைப் பின்னால் உருட்டினாள். கடல் சின்னதாகி முழுதும் திரைக்குள் வந்தது.

உத்திராபதி நாற்காலியை நகர்த்தி முன்னால் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

புள்ளிகள் இறைந்து கிடக்கவில்லை. ஆற்று வாய்க்குக் கொஞ்சம் வடக்கே தொடங்கி, கிழக்கே போய், நடுவில் கொஞ்சம் விட்டாலும் தெற்கே ஒரு வளைவு வளைந்து, மறுபடி கிழக்கே திரும்பி, ஆழத்தில் இரண்டாகப் பிரிந்து போயின. இரண்டு பக்கமும் கரை கட்டின மாதிரி.

"ஆறு" என்றார்.

கீர்த்திகா புள்ளிகளை வடக்கிலிருந்து ஒருமுறை கண்ணால் பின்தொடர்ந்தாள். "ஒரு காலத்துல கடல் உள்வாங்கி இருந்துச்சாம்ப்பா. கரை இன்னும் தள்ளி. ஆறெல்லாம் அது வரைக்கும் ஓடியிருக்கும்னு படிச்சோம். அதோட கரையா இருக்கலாம். பாடத்துல படிச்சேன். நம்ம ஆறுன்னு நெனைக்கல."

"நாப்பது வருசம்" என்றார் அவர். "ஒண்ணு ஒண்ணா போனேன். ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு வழியிருக்குன்னு தெரியாது. நான் ஆத்துக் கரை மேலதான் போயிட்டு வந்திருக்கேன்." விரலைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கிரீஸ் நினைவு வந்ததோ என்னவோ, தொடாமல் காற்றிலேயே அந்த வளைவை வரைந்தார்.

கீர்த்திகா கம்பெனிக்காரனின் சதுரத்தைப் போட்டாள். நான்கு எண், நான்கு மூலை.

சதுரம் உத்திராபதி நினைத்திருந்த கோயில் பாரின் மேல் விழவில்லை. தெற்கே, ஆறு வளைகிற இடத்தில் விழுந்தது. அங்கே ஒரு புள்ளிகூட இல்லை. வடக்குப் புள்ளிகள் சதுரத்தின் விளிம்புக்கு முன்னால் நின்றுவிட்டன. தெற்குப் புள்ளிகள் அதைத் தாண்டித்தான் தொடங்கின. கம்பெனி எழுதியது மாதிரியே வெறும் மணல்.

அவள் எண்களை மறுபடி சரிபார்த்தாள். இரண்டு முறை. பிறகு மேசையில் கையைக் குத்தினாள். "போச்சு. இதக் கொண்டுபோய்க் காட்டினா அவனுக்கு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி."

உத்திராபதி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஆறு நடுவுல அறுந்து போவுமா பாப்பா?"

"போவாது. ஆனா காட்டணுமே. நம்மகிட்ட பாயின்ட் இல்லையே."

"நான் அந்தப் பக்கம் போறதில்ல" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் அதைச் சொல்லத் தேவையில்லை.

கல்யாணசுந்தரிதான் பேசினாள். "அண்ணன் கூடையில கலவா வருது. சங்கரா வருது. இருவது வருசமா ஏலத்துல பக்கத்துல உக்காந்து பாக்கறேன். கல்லுல நிக்கிற மீனு கலவா, வெறும் மணல்ல எப்புடி நிக்கும்? அண்ணன் எஞ்ச போயிட்டு வருதுன்னு நெனைக்கிறீங்க?"

சிவநாதன் அவளுடைய அண்ணன். பக்கத்துத் தெரு. சுனாமிக்கு முன்னால் உத்திராபதியும் அவரும் ஒரே படகில் போனார்கள். அலை அந்தப் படகை உடைத்து, தென்னந்தோப்புக்குள் கொண்டுபோய்ப் போட்டது. நிவாரணத்தில் ஒரு படகு வந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து வந்த படகை உத்திராபதி பெயருக்கு எழுதிவிட்டார்கள். எழுதியவன் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். இவர்கள் அன்றிலிருந்து பேசுவதில்லை. கடலிலும் ஒருவன் போகும் பக்கம் இன்னொருவன் போவதில்லை.

உத்திராபதி நோட்டைப் பாலித்தீன் பையில் போட்டார். அதை இன்னொரு பையில் போட்டார். மகளிடம் நீட்டினார்.

"மாமன்கிட்ட கொடு."

"எத? நோட்டையா?"

"என்னோடத அவன் மொதல்ல பாக்கட்டும். அப்புறம் அவனோடதக் கேளு."

"அப்பா, இதுல எல்லாமே இருக்கு."

"தெரியும். நாந்தானே எழுதினேன். போ, வெளிச்சம் இருக்கும்போதே போயிட்டு வந்துடு."

சிவநாதன் வீட்டு வாசலில் நைலான் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தங்கை மகள் வந்து நிற்பதைப் பார்த்தும் கயிறை விடவில்லை.

"யாரு அனுப்புனா?"

"அப்பா."

"செத்துட்டானா?"

"இல்ல மாமா. நோட்டு கொடுத்து விட்டாங்க."

"என்ன நோட்டு?"

அவள் பையை நீட்டினாள். சிவநாதன் கயிறைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் கைலியில் துடைத்தார். வாங்கி, மேல் பையின் முடிச்சைத் தடவிப் பார்த்தார். அவிழ்க்கவில்லை.

"இத அவன் கையாலயா கொடுத்தான்?"

"ஆமா."

"குடிச்சிருந்தானா?"

"இல்ல மாமா. பிராந்தியை ரேமுக்கு ஊத்தலாமான்னுதான் கேட்டாங்க."

அவருக்கு அது புரியவில்லை. அவள் சேறு கொட்டும் சதுரத்தைச் சொன்னாள், வளைவைச் சொன்னாள், நடுவில் விட்டுப்போன இடத்தைச் சொன்னாள். கெஞ்சவில்லை, அது அவளுக்கு வராது. "வந்து பாருங்க. பாத்துட்டு முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. ஆனா பாக்காம சொல்லாதீங்க" என்றாள்.

அவர் சட்டை போடாமலே வந்தார். வாசலில் கவிழ்ந்திருந்த செருப்புகளைத் தாண்டி உள்ளே வந்ததும் கல்யாணசுந்தரி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தார். உத்திராபதி எழுந்து நாற்காலியை விட்டார். சிவநாதன் உட்கார்ந்து, பையை மேசையில் வைத்தார்.

"நான் தொறக்கல" என்று பொதுவாகச் சொன்னார்.

திரையைப் பார்த்தார். முதலில் அவருக்கு அது என்னவென்று பிடிபடவில்லை. லைட்ஹவுஸைக் கண்டுபிடித்தார். ஆற்று வாயைக் கண்டுபிடித்தார். பிறகு கண் மெதுவாகப் புள்ளி புள்ளியாகக் கிழக்கே போனது. உதடு அசைந்தது. "கோயில் பார்... நண்டுப் பார்... இது எங்கப்பன் காட்டுன எடம்." வளைவுக்கு வந்ததும் பேச்சு நின்றது. விரலை நீட்டி, புள்ளியே இல்லாத நீலத்தின் மேல் வைத்தார். ஒரு இடத்தில் நிறுத்தினார். கொஞ்சம் தள்ளி இன்னொரு இடம். இன்னொன்று. மேடு பள்ளம் தெரிகிற மாதிரி விரல் ஏறி இறங்கிப் போய், மறுகரையில் உத்திராபதியின் தெற்குப் புள்ளியில் சரியாக முட்டி நின்றது.

கல்யாணசுந்தரி குனிந்து அந்த நீலத்தைப் பார்த்தாள்.

"இது ஒண்ணா?" என்றார் சிவநாதன். "இது எல்லாம் ஒரே கரையா?"

"ஆமா மாமா."

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். அவரிடம் நோட்டு கிடையாது. எல்லாம் தலைக்குள்தான்.

"நான் சொல்லச் சொல்ல இந்தப் பொட்டி தாங்குமா?"

"தாங்கும் மாமா. சொல்லுங்க."

உத்திராபதி எழுந்தார். அடுத்தவன் தன் இடத்தைச் சொல்லும்போது கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. யாரும் சொல்லித்தராமலே தெரிந்த ஒழுங்கு அது. மடியிலிருந்த வயரைக் கல்யாணசுந்தரியிடம் கொடுத்துவிட்டு, கதவை நோக்கி நடந்தார். தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"உக்காரு மச்சான்" என்றார் சிவநாதன், கண்ணைத் திறக்காமல்.

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்க உத்திராபதிக்குக் கொஞ்ச நேரம் ஆனது. திரும்பி வந்து, தரையில், மச்சானின் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பத்து. அம்பத்தி ரெண்டு. அறநூத்தி எழுவது" என்று சிவநாதன் தொடங்கினார்.

அடுத்த எண்ணும் வந்ததும் கீர்த்திகா தட்டினாள். சதுரத்தின் நட்ட நடுவில் முதல் புள்ளி விழுந்தது.